கேள்வி – பதில்: பத்து ரூபாய்ப் பேப்பரின் கணக்கு

செய்தித்தாள் தொழில் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பேப்பர் போடுகிறவர், செய்தியைத் திருத்திப் பக்கம் போடும் டெஸ்க்கில் இருப்பவர், மகளைக் கல்லூரியில் சேர்க்கப்போகிறவர் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டுமே போட்டிருக்கிறோம்.

விலை ஏறுகிறது, பக்கம் குறைகிறது. காலையில் கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. விளம்பரத்தையும் வாங்கிக்கொண்டு விலையையும் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

எடை என்று நீங்களே சொல்லிவிட்டதால் தராசிலிருந்தே தொடங்கலாம். செய்தித்தாள் காகிதம் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 45 கிராம். அச்சகத்தில் இதை 45 ஜி.எஸ்.எம். என்பார்கள். நான்கு பக்கம் கொண்ட ஒரு முழுத்தாள் சுமார் 69 செ.மீ. அகலம், 54.6 செ.மீ. உயரம் என்று எடுத்துக்கொண்டால், 16 பக்கப் பேப்பருக்கு நான்கு தாள், அதாவது ஒன்றரை சதுர மீட்டர். எடை 67 கிராம் வரும். முப்பது நாள் கட்டைப் பழைய பேப்பர்காரர் தராசில் போட்டால் 2 கிலோ காட்டும். காட்டவில்லையென்றால் பக்கம் குறைந்திருக்கிறது, அல்லது 42 ஜி.எஸ்.எம். தாளுக்கு மாறியிருக்கிறார்கள், அல்லது தராசைப் பார்க்க வேண்டும்!

தாளை 45-லிருந்து 42-க்கு இறக்கினால் ஒரு பிரதிக்கு நாலரை கிராம் மிச்சம். லட்சம் பிரதி போடுகிற இடத்தில் தினம் 450 கிலோ. சும்மா கிடைக்கிற மிச்சம் இல்லை. மெல்லிய தாளில் பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியும். மெஷின் வேகமாக ஓடும்போது தாள் அறுந்துபோவதும் அதிகமாகும். ஒரு தடவை அறுந்தால் மறுபடி தாளை இழுத்துக் கட்டி, நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை ஓடுகிற பிரதிகள் அத்தனையும் குப்பை.

இனி காசு. விலை 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் கமிஷன் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை போகும். நிறுவனத்துக்குக் கிடைப்பது 7 ரூபாய் சொச்சம். காகிதம் கிலோ 60 ரூபாய் என்றால் 67 கிராமுக்கு 4 ரூபாய். அதன்மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. விற்பனையில் செய்தித்தாளுக்கு வரி கிடையாது என்பதால், காகிதத்துக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வழி அந்தப் பக்கம் அடைபட்டிருக்கிறது. வீணாகும் தாளையும் சேர்த்தால் நாலரை ரூபாயைத் தொட்டுவிடும். மை, அச்சுப் பிளேட், மின்சாரம், விடியலுக்குள் ஊர் ஊராகப் போய்ச் சேர வேண்டிய வண்டி வாடகை எல்லாம் போக, கையில் ஒரு ரூபாய் நின்றால் பெரிது. நிருபர் சம்பளம், கேமரா, டெஸ்க், செய்தி ஏஜென்சிச் சந்தா எதையும் நாம் இன்னும் தொடவே இல்லை.

வாசகர் கொடுத்த காசு காகிதத்துக்கும் வண்டிக்கும்தான் சரியாக இருந்தது. செய்தி சேகரிக்கும் செலவை விளம்பரதாரர்தான் ஏற்றுக்கொண்டிருந்தார். அவர் போனதும் மீதிச் செலவு உங்கள் தலையில் இறங்குகிறது. விலையேற்றத்துக்கு முக்கியக் காரணம் இதுதான்.

காகித விலை அச்சகத்தார் கையில் இல்லை. இந்தியாவுக்குத் தேவையானதில் பெரும்பகுதி இறக்குமதி. 2019 பட்ஜெட்டில் 10 சதவீத சுங்கவரி போட்டார்கள். அடுத்த ஆண்டு அதை 5 ஆக்கினார்கள். 2022-ல் உக்ரைன் போர் வந்ததும் ரஷ்யக் காகிதம் தடைபட்டு விலை எகிறியது. வெளிநாட்டு ஆலைகள் பலவும் செய்தித்தாள் காகிதத்தை விட்டு அட்டைப்பெட்டிக் காகிதத்துக்கு மாறிவிட்டன. ஆன்லைனில் சாமான் வாங்கினால் வீட்டுக்கு வருகிறதே, அந்தப் பெட்டிதான். நம் கரூர் மாவட்டத்துப் புகளூர் ஆலை (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்), கரும்புச் சக்கையிலிருந்து செய்தித்தாள் காகிதம் செய்யலாம் என்று 1979-ல் தொடங்கிய அரசு நிறுவனம். அதுவும் காலப்போக்கில் எழுதும் தாள், அச்சுத்தாள் பக்கம் சாய்ந்தது. பெயரில் மட்டும் செய்தித்தாள் இருக்கிறது.

விற்பனை குறைவதும் செலவைக் கூட்டும். 16 பக்கமும் வண்ணம் என்றால் நிறத்துக்கு ஒன்றாகப் பக்கத்துக்கு நான்கு பிளேட், ஆக 64. பிளேட் 200 ரூபாய் என்றால் 12,800 ரூபாய். 50,000 பிரதிக்கு அது தலைக்கு 26 காசு. 10,000 பிரதிக்கு இறங்கினால் 1 ரூபாய் 28 காசு. பத்திரிகைகள் பக்கத்து மாவட்டப் பதிப்புகளை ஒன்றாக்கிவிடுவது இதனால்தான். உங்கள் ஊர்ச் செய்திக்கு இருந்த ஒரு பக்கம் கால் பக்கமாகச் சுருங்கியிருக்கிறதா? பிளேட் கணக்கு அங்கே புகுந்திருக்கிறது.

விளம்பரம் எங்கேதான் போனது? பண்டிகை நாளில் முதல் நான்கு பக்கமும் நகைக்கடை, ஜவுளிக்கடைதானே?
— மளிகை வணிகர், திருச்சி

நீங்கள் பார்ப்பது முழுப்பக்க விளம்பரம். போனது பொடி எழுத்து. 'வீடு வாடகைக்கு', 'மணமகன் தேவை', 'கணக்கர் தேவை', 'டூவீலர் விற்பனைக்கு' என்று இரண்டு மூன்று வரியில் வந்த வரி விளம்பரங்கள்தான் ஆண்டு முழுக்க நிற்காமல் வந்த வருமானம். ஒரு சதுர அங்குலத்துக்கு அதில் வந்த காசு, பேரம் பேசி வாங்கிய முழுப்பக்கத்தில் வராது. மேட்ரிமோனி தளங்கள், வேலைவாய்ப்புத் தளங்கள், பழைய பொருள் விற்கும் செயலிகள், தெருமுனை வாட்ஸ்அப் குழு என்று அது சிதறிப்போனது. காலமானார் அறிவிப்பு மட்டும் இன்னும் விசுவாசமாக வந்துகொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் இது முன்னதாகவே, இன்னும் கொடூரமாக நடந்தது. அங்கே செய்தித்தாள்களின் விளம்பர வருமானம் 2005-ல் சுமார் 4,900 கோடி டாலர். 2022-ல் அது 1,000 கோடிக்கும் கீழே. 2020-ல் முதன்முறையாக விளம்பரத்தைவிட விற்பனை வருமானம் அதிகமானது. விற்பனை கூடியதாலல்ல, விளம்பரம் அவ்வளவு விழுந்ததால். டென்வரில் 150-ஆவது ஆண்டை எட்டவிருந்த 'ராக்கி மவுன்டன் நியூஸ்' 2009 பிப்ரவரியில் மூடப்பட்டது.

பத்திரிகை அலுவலகத்தில் மறுநாள் எந்தப் பக்கத்தில் எது எங்கே என்று காட்டும் டம்மி விளம்பரப் பிரிவிலிருந்துதான் முதலில் வரும். விளம்பரம் போக மிச்சமிருக்கும் இடம்தான் செய்திக்கு. ஆடித் தள்ளுபடி சமயத்தில் பேப்பர் பருத்து, அது முடிந்ததும் மெலிவதைக் கவனித்திருப்பீர்கள். செய்திகள் ஆடியில் அதிகம் நடப்பதில்லை!

என் மகள் பிளஸ் டூ முடிக்கிறாள். ஜர்னலிசம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். தொழிலே படுத்துக்கிடக்கிறது என்கிறார்கள். தடுப்பதா, விடுவதா?
— ஒரு தாய், விருதுநகர்

தடுக்க வேண்டாம். இளங்கலையை மட்டும் வேறு பாடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். பொருளாதாரம், சட்டம், புள்ளியியல், வேளாண்மை, தமிழ் எதுவானாலும் சரி. அதன்பிறகு ஓராண்டுப் பட்டயமோ முதுகலையோ இதழியலில் செய்யலாம். செய்தி எழுதும் முறையைக் கெட்டிக்காரப் பெண் ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்வாள். ஒரு நகராட்சியின் வரவுசெலவுக் கணக்கை வாசித்து எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தெரிந்தவரை ஆறு மாதத்தில் உருவாக்க முடியாது. அப்படிப்பட்டவருக்கு இதழியல் கைவிட்டாலும் வேறு வேலை உண்டு.

நுழைவுத் தேர்வு என்று பத்திரிகைகள் வைப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: ஆங்கில ஏஜென்சிச் செய்தி ஒன்றைத் தமிழாக்கு, அதையே நூறு சொல்லில் சுருக்கு, தலைப்பு போடு, கொஞ்சம் நாட்டு நடப்பு. இதில் முதல் வேலையை இன்று இயந்திரம் நொடியில் செய்துவிடுகிறது. டெஸ்க்கில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து மொழிபெயர்த்தபடியே தொழில் கற்ற காலம் முடிந்துவருகிறது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் இயந்திரத்தின் தமிழைத் திருத்த ஆள் வேண்டும். நீதிமன்றம் 'ஸ்டே' கொடுத்ததை அது 'தங்க அனுமதித்தது' என்று எழுதும். மில்லியனைப் பத்து லட்சமாக்காமல் அப்படியே விட்டுவிடும். பில்லியனைச் சில சமயம் கோடியாக்கிவிடும் (100 கோடி என்பதுதான் சரி). அமெரிக்காவின் செவ்வாய் இரவு நமக்குப் புதன் காலை என்பதும் அதற்கு உறைப்பதில்லை.

கல்லூரி தொடங்குமுன் கற்றுக்கொள்ளக்கூடியவை சில. தமிழ்99 விசைப்பலகையில் பார்க்காமல் தட்டச்சு. யூனிகோடுக்கும் பழைய அச்சு எழுத்துருக்களுக்கும் உள்ள வேறுபாடு. பக்க வடிவமைப்பிலிருந்து இணையத்துக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி 'கொ' பிளந்து நிற்பதைச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு எந்த டெஸ்க்கிலும் மரியாதை உண்டு. அடுத்தது எக்செல்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவது. 'எங்கள் தெருச் சாலை ஏன் மோசமாக இருக்கிறது?' என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தில் உள்ளதைத் தரத்தான் சட்டம் சொல்கிறது, விளக்கம் தரச் சொல்லவில்லை. 'இன்ன தெருச் சாலைப் பணிக்கான மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல்' என்று கேட்க வேண்டும். எம்-புக் என்று பொறியாளர்கள் சொல்லும் அந்த அளவுப் புத்தகத்தில்தான் எத்தனை மீட்டர், எத்தனை செ.மீ. கனம் என்பது இருக்கும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்து மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு. பிறகு அதே சாலையில் டேப் பிடித்து அளந்து பார்க்கட்டும். இப்படி ஒரு மனு போட்டு, ஒரு செய்தி எழுதி முடித்த பிறகும் ஆசை குறையவில்லையென்றால் தாராளமாக அனுப்புங்கள்.

பயிற்சி தருகிறோம், பணம் கட்டு என்கிற இடத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள். கழுத்தில் மாட்ட ஒரு அடையாள அட்டையும் கையில் ஒரு மைக்கும் கொடுத்துவிடுவார்கள். வேறெதுவும் கிடைக்காது.

ஒரு நாளிதழில் 14 ஆண்டுகளாகத் துணை ஆசிரியர். வயது 41. எங்கள் பதிப்பை இன்னொன்றோடு சேர்க்கிறார்கள். 'ராஜினாமா எழுதிக் கொடுங்கள், மூன்று மாதச் சம்பளம் தருகிறோம்' என்கிறது ஹெச்.ஆர். வாங்கிக்கொண்டு கிளம்புவதா?
— பெயரும் ஊரும் வேண்டாம்

அந்த அறையில் வைத்தே கையெழுத்துப் போடாதீர்கள். 'படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்' என்று தாளைக் கேளுங்கள். தர மறுத்தால், நடந்ததை அன்றே மின்னஞ்சலில் எழுதி அவர்களுக்கே அனுப்பிவையுங்கள்.

அவசரம் ஏன் என்றால் கணக்கு அப்படி. நிறுவனம் உங்களை ஆட்குறைப்புச் செய்தால், ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. 14 ஆண்டுக்கு அது சுமார் ஏழு மாதச் சம்பளம். அதற்கு மேல் முன்னறிவிப்புக் காலம் உண்டு. நீங்களாக ராஜினாமா செய்தால் இந்த ஏழு மாதம் காணாமல் போகிறது. மூன்று மாதத்தைக் கொடுத்து ஏழு மாதத்தை மிச்சப்படுத்துகிறார்கள்.

கிராஜுவிட்டி இதில் சேராது. ராஜினாமா செய்தாலும் நீக்கப்பட்டாலும் அது உங்கள் பணம். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 24,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 14-ஆல் பெருக்குங்கள்: 1,93,846 ரூபாய். 'மூன்று மாதச் சம்பளம்' என்ற தொகைக்குள் கிராஜுவிட்டியையும் அடக்கிப் பேசுகிறார்களா என்று பாருங்கள். அந்தத் தந்திரம் உண்டு. மற்ற தொழிலாளர்களுக்கு 5 ஆண்டு என்ற நிபந்தனை பத்திரிகையாளர்களுக்கு 3 ஆண்டுதான் என்பதை இளைய சகாக்களிடம் சொல்லுங்கள்.

உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955-ல் வந்தது. ஆசிரியருக்கு ஆறு மாதம், மற்ற பத்திரிகையாளருக்கு மூன்று மாதம் முன்னறிவிப்பு என்றது அந்தச் சட்டம். 2020-ல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்து, பழைய சட்டத்தைத் தமக்குள் இழுத்துக்கொண்டன. உங்களுக்கு முன்னறிவிப்பு எத்தனை மாதம் என்பது நீக்கத் தேதியையும் நியமனக் கடிதத்தையும் பொறுத்தது. தொழிலாளர் வழக்கு நடத்தும் வழக்கறிஞரிடம் இரண்டையும் காட்டிக் கேளுங்கள், சிவில் வழக்கறிஞரிடம் அல்ல. பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக் குழு பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2011 நவம்பர் 11-ல் அறிவிக்கப்பட்ட அந்தப் பரிந்துரையை உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரி 7-ல் உறுதிசெய்தது. 'எனக்கு வேண்டாம்' என்று ஊழியர்களிடம் எழுதி வாங்கி வைத்திருந்தாலும் ஊதியக் குழு நிர்ணயித்ததைவிடக் குறைத்துத் தர முடியாது என்று 2017 ஜூனில் சொன்னது.

இன்றிரவே எடுத்து வைக்க வேண்டியவை: நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், பி.எஃப். பாஸ்புக், பதவி உயர்வுக் கடிதங்கள், ஷிப்ட் பட்டியல். அலுவலகக் கணினியில் இருந்தால் உங்கள் பங்குக்கானதை மட்டும் நகல் எடுங்கள். நடுவில் ஏதாவது ஆண்டில் உங்களைச் சகோதர நிறுவனத்தின் பெயருக்கு மாற்றியிருந்தால் அந்தக் கடிதம் மிக முக்கியம். பணித் தொடர்ச்சி அங்கேதான் அறுபடும்.

அடுத்த வேலை: 'துணை ஆசிரியர்' என்று மட்டும் விண்ணப்பத்தில் எழுதினால் வெளியுலகுக்குப் புரியாது. ஒரு ஷிப்டில் எத்தனை பக்கம் முடித்தீர்கள், எந்தத் துறைச் செய்தி, எவ்வளவு மொழிபெயர்ப்பு என்று எண்ணிக்கையில் எழுதுங்கள். பதிப்பகங்கள், பாடநூல் மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், மருத்துவமனைகளும் வங்கிகளும் தமிழில் தரும் தகவல்கள் ஆகியவற்றுக்குப் பிழையின்றித் தமிழ் எழுதுகிறவர் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். கூலி ஒரே சீராக இராது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்க வேண்டாம்.

தாலுகா நிருபராக இருக்கிறேன். நியமனக் கடிதம் கிடையாது, அட்டை உண்டு. செய்திக்கு இவ்வளவு என்று தருகிறார்கள். தீபாவளி மலருக்கு லட்ச ரூபாய் விளம்பரம் பிடித்தாக வேண்டுமாம்.
— பகுதி நேர நிருபர், தர்மபுரி மாவட்டம்

பத்திரிகையின் வருமானம் குறையும்போது முதல் அடி விழுவது உங்கள் மேல்தான். ஒன்றிய அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் தினம் போய் நிற்கிற ஒரே பத்திரிகைக்காரர் நீங்கள் என்பது தலைமை அலுவலகக் கணக்கில் ஏறாது.

சட்டத்தில் உங்களுக்கு இடமே இல்லை என்று நினைக்காதீர்கள். முதன்மைத் தொழில் பத்திரிகைப் பணியாக இருந்தால், பகுதி நேரமாக வேலை செய்தாலும் 'உழைக்கும் பத்திரிகையாளர்' என்ற விளக்கத்துக்குள் வரலாம். அதை நிரூபிக்கத்தான் தாள் வேண்டும். வெளியான செய்திகளைத் தேதியோடு வெட்டி ஒட்டி வையுங்கள். 'இதைக் கவர் பண்ணுங்கள்' என்று வந்த வாட்ஸ்அப் உத்தரவுகளை அழிக்காதீர்கள். பணத்தை ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

விளம்பரம் பிடித்தே ஆக வேண்டுமென்றால் மூன்று விஷயம். கமிஷன் விகிதத்தை எழுத்தில் வாங்குங்கள். விளம்பரதாரர் கையெழுத்திட்ட ஆர்டர் இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள். பணம் நேராக நிறுவனக் கணக்குக்குப் போகட்டும், உங்கள் ஜி-பேவுக்கு வேண்டவே வேண்டாம். வழக்கமாக மாட்டிக்கொள்வது இப்படித்தான்: வாய்மொழியாக 'போட்டுருங்க தம்பி' என்கிறார், விளம்பரம் வந்ததும் 'கலர் சரியில்லை' என்று பணம் தர மறுக்கிறார், அந்தத் தொகை உங்கள் கணக்கில் கழிக்கப்படுகிறது. அடுத்த மாதம் அதே ஆளின் குவாரியைப் பற்றிப் புகார் வரும்போது உங்கள் பேனா எழுதாது. காசு வைத்த கவர் வாங்குவதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. பிழைப்புக்கு வேறொரு வருமானம் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நீங்கள் செய்தி சேகரிக்கும் அலுவலகத்திலேயே காண்டிராக்ட் எடுக்காதீர்கள்.

200 பேப்பர் போடுகிறேன். முன்பு 340 இருந்தது. தொடரலாமா?
— பேப்பர் ஏஜென்ட், ஈரோடு

பிரதிக்கு 3 ரூபாய் என்றால் மாதம் 18,000. மூன்று பேருக்குத் தலா 3,000 கூலி போனால் மிச்சம் 9,000. வசூலாகாத பாக்கி மொத்த பில்லில் வெறும் 5 சதவீதம் என்றாலும், 60,000-க்கு அது 3,000. உங்கள் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு! எனவே புது வீடு பிடிப்பதைவிட வசூலைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. 5-ஆம் தேதிக்குள் யு.பி.ஐ.-யில் கட்டுகிறவருக்குச் சின்னச் சலுகை; இரண்டு மாதப் பாக்கி என்றால் நிறுத்தம். வீட்டுக்குக் கொண்டுவந்து போடுவதற்கு மாதம் ஒரு தொகையைத் தனியாகக் கேளுங்கள். பழைய வாடிக்கையாளர்கள் முணுமுணுத்துக்கொண்டே தருவார்கள். மூன்று லைனை இரண்டாக்க முடியுமா என்று தெரு வரைபடம் போட்டுப் பாருங்கள். 14 வயது நிரம்பாத பையன்களை வைத்துக்கொள்ளக் கூடாது, தெரிந்திருக்கும்.

எங்கள் தெருவில் யாருமே வாங்காத பேப்பரில் வங்கி ஏல அறிவிப்பு வருகிறது. யார் படிப்பார்கள்?
— வாசகர், சேலம்

படிப்பதற்காக அல்ல, சட்டத்துக்காக. கடன் பாக்கிக்காக அடமானச் சொத்தை எடுப்பதற்கான சர்ஃபாசி விதிகளின்படி வங்கி ஒரு சொத்தைச் சுவாதீனம் எடுத்தால், 7 நாளுக்குள் இரண்டு முன்னணி நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும். ஒன்று அந்த வட்டார மொழியில், அந்தப் பகுதியில் போதிய விற்பனை உள்ளதாக இருக்க வேண்டும். 2013-ன் நிலம் கையகப்படுத்தும் சட்டமும் இரண்டு நாளிதழ் கேட்கிறது. டெண்டர், கோர்ட் நோட்டீஸ் எல்லாம் இந்த வகைதான். பல சிறு பத்திரிகைகளுக்கு மூச்சு இதில்தான் ஓடுகிறது. உங்கள் வீட்டுக்கே நோட்டீஸ் வந்திருந்தால் அந்தப் பேப்பரின் பிரதியைத் தேதியோடு எடுத்து வையுங்கள். 'போதிய விற்பனை' இருந்ததா என்பது கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் எழுப்பக்கூடிய கேள்வி.

எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதும் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதும் வெவ்வேறு கணக்கு. விற்பனையைத் தணிக்கை செய்யும் ஏ.பி.சி. அமைப்பு எண்ணுவது விற்ற பிரதிகளை. டீக்கடையில் ஒரு பிரதியைப் பிரித்துப் பத்துப் பேர் படிப்பதை எண்ணியது ஐ.ஆர்.எஸ். என்ற வாசகர் கணக்கெடுப்பு. 2019-ன் கடைசிக் காலாண்டோடு நீண்ட காலம் நின்றுபோனது அது.

பேப்பரின் பி.டி.எஃப். தினமும் வாட்ஸ்அப்பில் வருகிறது. இலவசமாகப் படிப்பது தப்பா?
— மாணவர், கோவை

படிக்கிற உங்களைத் தேடி யாரும் வரப்போவதில்லை. பரப்புகிறவருக்குத்தான் சிக்கல். ஒரு ஹிந்தி நாளிதழ் தொடர்ந்த வழக்கில், இப்படி மின்பதிப்பைப் பகிர்ந்த சேனல்களை நீக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. முழுப் பேப்பரை அனுப்பாமல் ஒரு செய்தியின் இணைப்பை மட்டும் அனுப்பினால் பத்திரிகைக்கு ஒரு பார்வையாவது கணக்காகும்.

'தமிழ் நேசன்' நின்றபோது எங்கள் வீட்டில் துக்கம் மாதிரி இருந்தது. தமிழ்ப் பள்ளிகள் இருந்தும் ஏன்?
— வாசகி, ஈப்போ, மலேசியா

உங்கள் நாட்டின் அந்தத் தமிழ் நாளிதழ் 1924-ல் தொடங்கி, 2019 தொடக்கத்தில் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் மலாய் நாளிதழான 'உத்துசான் மலேசியா'வும் நின்றது என்பதை நினைத்தால், இது தமிழுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. தோட்டத்து லயங்களில் வரிசையாக இருந்த வீடுகளுக்கு ஒருவர் நூறு பேப்பர் போட்டுவிட முடியும். குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறியபின் அதே நூறு பேப்பருக்கு நாற்பது கட்டிடம் ஏற வேண்டும். பள்ளியில் தமிழ் படித்துவிட்டு வந்தவர்களும் அன்றாடச் செய்தியைக் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள்.

ஊருக்கென்று ஒரு சிறு பத்திரிகை தொடங்க எண்ணம். கையில் 5 லட்சம். அச்சா, இணையமா?
— இரு நண்பர்கள், மன்னார்குடி

அச்சு என்றால்: 1867-ன் பழைய சட்டம் போய், 2023-ன் பத்திரிகைப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் பிரகடனம் செய்ய அலைய வேண்டியதில்லை. 'பிரஸ் சேவா' இணையவாசலில் தலைப்புக்கும் பதிவுக்கும் ஒரே விண்ணப்பம். தலைப்புதான் இடறும் இடம்; ஏற்கெனவே உள்ள பெயருக்கு நெருக்கமாக இருந்தால் தள்ளிவிடுவார்கள். ஊர்ப் பெயரோடு சேர்த்து நான்கைந்து மாற்றுப் பெயர் யோசித்து வையுங்கள். அச்சடிப்பவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர் இதழில் இருக்க வேண்டும். ஆண்டறிக்கை தர மறக்கக் கூடாது.

8 பக்கச் சிற்றிதழ் 2,000 பிரதி: காகிதம் பிரதிக்கு 34 கிராம், சுமார் 2 ரூபாய். வண்ணத்துக்கு 32 பிளேட், 6,400 ரூபாய். அதாவது பிரதிக்கு 3 ரூபாய் 20 காசு. நிறம் ஒட்டும்வரை வீணாகும் சில நூறு பிரதி உங்கள் தலையில். கறுப்பு வெள்ளை என்றால் பிளேட் எட்டே போதும். முதல் ஆண்டு அப்படியே போடுங்கள், ஊர்ச் செய்திக்கு வண்ணம் அவசியமில்லை.

இணையம் என்றால் 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு விவரம் தர வேண்டும். விளம்பரத்தை நம்ப வேண்டாம். ஆயிரம் பார்வைக்கு 40 ரூபாய் என்று வைத்தாலும், மாதம் 30,000 ரூபாய்க்கு ஏழரை லட்சம் பார்வை வேண்டும். மன்னார்குடியை எத்தனை முறை புரட்டினாலும் அது வராது. நடிகை செய்தி போட ஆரம்பிப்பீர்கள். அதே 30,000 ரூபாயை மாதம் 100 ரூபாய் தரும் 300 சந்தாதாரர்களிடம் வாங்கலாம். அந்த 300 பேர் காசு தருவது பேருந்து நேரம், மின்தடை, நகராட்சித் தீர்மானம், ஆற்றில் முறைத் தண்ணீர் எப்போது என்பதற்குத்தான், தலையங்கத்துக்கு இல்லை. வாட்ஸ்அப்பில் தினம் ஒரு செய்திக் குறிப்பாக மூன்று மாதம் இலவசமாக அனுப்பிப் பாருங்கள். நான்காம் மாதம் எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு 5 லட்சத்தைத் தொடுங்கள்.

யார்மீது குற்றச்சாட்டு வந்தாலும் வெளியிடுமுன் அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டு, கேட்ட நேரத்தையும் குறித்து வையுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவின் அவதூறு வழக்கு சிறு பத்திரிகை என்று பார்த்து வருவதில்லை.

கடைசியாக ஒன்று. பழைய பேப்பரில் வடை மடித்துத் தருகிறார்களே, சாப்பிடலாமா?
— வாசகர், மதுரை

கூடாது. அச்சு மை சூடான எண்ணெயில் இளகி உணவில் ஏறும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது. வாழையிலைத் துண்டு கேளுங்கள்.